நோட்டை மட்டும் தர மாட்டேன்

எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்துக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பணத்தை எடுத்தேன்.

இப்படி ஒரே வரியில் எழுத எனக்கு ஒன்பது வருஷம் ஆகியிருக்கிறது. இதற்கு முன்னால் சொன்ன ஒவ்வொரு தடவையும் 'ஒரு தப்பு நடந்துபோச்சு', 'சோதனையில் விழுந்துட்டேன்', 'பிசாசு கண்ணை மறைச்சுட்டான்' என்று ஏதாவது ஒரு போர்வையைப் போட்டுத்தான் சொல்லியிருக்கிறேன். சாட்சி சொல்லும்போதுகூட அப்படித்தான். எதுவும் தானாக நடந்துபோகவில்லை, நான்தான் எடுத்தேன். பிசாசுக்கு எங்கள் பணப்பெட்டியின் சாவி இருக்கும் இடமே தெரியாது.

அது சாதாரணக் காணிக்கைகூட இல்லை. கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு அக்காவின் அறுவை சிகிச்சைக்காக ஆளாளுக்குக் கொடுத்துச் சேர்த்த பணம். எனக்கு அப்போது ஒரு கடனுக்குத் தவணை கட்ட வேண்டியிருந்தது, நாலு நாளில் சம்பளம் வந்துவிடும், வந்ததும் வைத்துவிடலாம் என்று எடுத்தேன், அதே மாதிரி வைத்தும்விட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கே மாட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது, ஏனென்றால் அந்த முதல் தடவை சுலபமாக முடிந்ததுதான் அடுத்த மூன்று தடவைக்கும் தைரியம் கொடுத்தது. நான்காவது தடவை எடுத்ததை வைக்க முடியவில்லை. அதற்குள் சிகிச்சையைச் சொன்ன தேதிக்கு முன்னதாகவே வைத்துவிட்டார்கள்.

கணக்கு நோட்டில் எல்லா வரியையும் நீல மையில் எழுதுவேன். கையிருப்பு வரியை மட்டும் கடைசி இரண்டு மாதமாகப் பென்சிலில் எழுதிக்கொண்டிருந்தேன். அழித்து எழுத வசதியாக இருக்குமே. ஏன் பென்சில் என்று எனக்கு நானே ஒரு தடவைகூடக் கேட்டுக்கொண்டதில்லை, கைக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியாத மாதிரி இருந்தேன். எங்கள் மூப்பர் ஐயா நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல், "ஏன் தம்பி, இது மட்டும் பென்சில்ல இருக்கு?" என்றார்.

அவ்வளவுதான். தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி ஒரு ஆட்டுக்குட்டிக் கதை சொல்லி முடித்து 'நீயே அந்த மனுஷன்' என்கிறாரே, எனக்கு அந்தக் கதைகூடத் தேவைப்படவில்லை.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நான் தானாகப் போய் அறிக்கை செய்யவில்லை. மாட்டிக்கொண்ட பிறகுதான் ஒப்புக்கொண்டேன். ரொம்ப நாள் இதுவே என்னை அரித்துக்கொண்டிருந்தது: பிடிபட்டதால் அழுதவனின் மனந்திரும்புதல் உண்மையான மனந்திரும்புதலா? அப்புறம் வேதத்தை எடுத்துப் பார்த்தால், அங்கேயும் தானாக வந்தவர்கள் கூட்டம் ஒன்றும் பெரிதாக இல்லை. உரியா என்பவனைக் கொல்லவைத்து அவன் மனைவி பத்சேபாளைத் தாவீது எடுத்துக்கொண்டு, அவளுக்குக் குழந்தையும் பிறந்த பிறகுதான் நாத்தான் அரண்மனைக்கு வருகிறார், அதுவரை தாவீது ராஜா வழக்கு விசாரித்துக்கொண்டு சாதாரணமாகத்தான் இருந்திருக்கிறார், வெளிப்பார்வைக்கு. உள்ளே எப்படி இருந்தது என்பதை 32-ம் சங்கீதத்தில் பார்க்கலாம், அடக்கிவைத்தமட்டும் எலும்புகள் உலர்ந்துபோயிற்று என்கிறார். இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்த பேதுருவுக்குச் சேவல் கூவ வேண்டியிருந்தது. அப்பாவின் சொத்தைப் பிரித்து வாங்கிப்போய் அழித்த இளைய குமாரனுக்குப் பசி வர வேண்டியிருந்தது. யாரோ ஒருவர் கதவைத் தட்டித்தான் பெரும்பாலானவர்கள் எழுந்திருக்கிறார்கள். தட்டியது யார் என்பதைவிட எழுந்து எந்தப் பக்கம் நடந்தார்கள் என்பதுதான் விஷயம் என்று இப்போது நினைக்கிறேன்.

அன்று ராத்திரி முழங்காலில் நின்று ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதைப் பற்றி அதிகமாக எழுத எனக்கு ஒன்றும் இல்லை. கேட்டேன், கிடைத்தது. நாம் பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிக்க உண்மையும் நீதியும் உள்ளவர் என்று 1 யோவான் 1:9 சொல்வதை அப்படியே நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். கஷ்டமெல்லாம் அதற்கு மறுநாள் காலையில்தான் ஆரம்பித்தது.

ஏனென்றால் மறுநாள் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அந்த அக்காவைப் பார்க்கப் போனேன். முகமெல்லாம் பிரகாசமாகப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும், ராத்திரி முழுக்க அழுது லேசாகியிருந்தேன் அல்லவா. "அக்கா, கர்த்தர் என்னை மன்னிச்சுட்டாரு" என்று ஆரம்பித்தேன். அவர் படுத்திருந்த இடத்திலிருந்து என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அவரு மன்னிச்சாரு, சரி. நீ எடுத்தது என் பணம் தம்பி."

உடம்பு முடியாத நிலையில், பணம் குறைகிறது என்று தெரிந்ததும், அந்த அக்கா தானே இரண்டு குடும்பங்களுக்குப் போன் பண்ணிக் கடன் கேட்டிருக்கிறார். ஏன் குறைந்தது என்று அவர்கள் கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. அந்த ஒரு கேள்விக்கு முன்னால் அவர் நின்ற நிலைதான் நான் செய்த பாவம், நோட்டில் இருந்த எண் அல்ல. சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, அவர் எழுந்து நடமாடினார், ஆனால் என்னோடு பேச ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு வருஷமும் அவருக்கு உரிமையானது, கிறிஸ்தவரென்றால் உடனே மன்னித்தே ஆக வேண்டும் என்று அவரை அவசரப்படுத்த எனக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை.

51-ம் சங்கீதத்தில் 'தேவரீர் ஒருவருக்கே விரோதமாகப் பாவஞ்செய்தேன்' என்று ஒரு வரி வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த வரியாக இருந்தது, ஏன் பிடித்தது என்று இப்போது புரிகிறது. அந்த வரியை மட்டும் பிடித்துக்கொண்டால் உரியாவின் பெயரை எடுக்காமலே சங்கீதத்தை முடித்துவிடலாம். ஆனால் மத்தேயு 5-ல் இயேசு சொல்வது நேர் எதிர்த்திசை: பலிபீடத்தின் முன்னால் நிற்கிறபோது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு. ஆராதனையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போகச் சொல்கிறார். நானோ ஆராதனையை முடித்துவிட்டு, அந்த ரசீதைக் காட்டப் போயிருந்தேன்.

பணத்தைத் திருப்பிக் கட்ட பதினாலு மாதம் ஆனது. எண்ணாகமம் 5-ல் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிச் செலுத்த வேண்டும் என்று இருக்கிறது, அதன்படி கடைசியில் அந்த ஐந்தில் ஒரு பங்கை ஒரு கவரில் போட்டு அக்காவிடம் கொண்டுபோனேன். "என்ன, வட்டியா?" என்றார். "இல்லக்கா, எண்ணாகமம்." சிரித்துவிட்டார். அப்போதுதான் திரும்பப் பேச ஆரம்பித்தோம். (சகேயு நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவேன் என்றான். என்னால் அந்த அளவுக்கு முடியவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.)

இந்தப் பதினாலு மாதமும் நான் அடிக்கடி நினைத்துக்கொண்டது பேதுருவை அல்ல, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸை. அவன் கதையில் எல்லோரும் தாண்டிப்போகிற ஒரு இடம் இருக்கிறது. அவன் மனஸ்தாபப்படுகிறான். பணத்தை முழுவதுமாகத் திருப்பிக் கொண்டுபோகிறான், முப்பது வெள்ளிக்காசு, ஒன்றுகூடக் குறையாமல். 'குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்' என்று வாய்திறந்து சொல்கிறான், போர்வை போடாமல். என்னைவிட நன்றாகவே அறிக்கை செய்திருக்கிறான். அதற்கு ஆசாரியர்கள் சொன்ன பதில்: 'எங்களுக்கென்ன, அது உன்பாடு.' பாவத்தோடு வருகிறவனுக்காகவே நியமிக்கப்பட்டவர்கள், பலி செலுத்துவதே வேலையாக இருந்தவர்கள், அது உன்பாடு என்று சொல்லிவிட்டார்கள். அவன் அங்கிருந்து தனியாகப் போகிறான்.

பேதுருவும் அன்று ராத்திரி வெளியே போய் மனங்கசந்து அழுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் மற்றவர்களோடு இருக்கிறான். கல்லறைக்கு ஓடுகிறபோது யோவான் கூட ஓடுகிறான். மறுதலித்தவனை அவர்கள் வீட்டுக்குள் வைத்திருந்தார்கள் என்பதைச் சுவிசேஷம் எங்கேயும் பாராட்டிச் சொல்வதில்லை, நாமாகத்தான் கவனிக்க வேண்டும். விழுந்தவன் எழுந்திருப்பானா மாட்டானா என்பது அவன் கண்ணீரின் அளவில் மட்டும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் மூப்பர் ஐயா அந்த வாரமே போன் பண்ணி, "ஞாயிற்றுக்கிழமை வரணும். கடைசி வரிசையில உக்காந்தாலும் சரி, வரணும்" என்றார். எனக்கு யாருமே 'அது உன்பாடு' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்று தெரியாது.

சரி, பேதுருவுக்கு வருவோம். யோவான் 18-ல், பிரதான ஆசாரியனின் முற்றத்தில், குளிருக்காகக் கரிநெருப்பு உண்டாக்கி நின்று குளிர்காய்கிறார்கள், பேதுருவும் கூட நிற்கிறான். அந்த நெருப்போரத்தில்தான் 'நான் அல்ல' என்கிறான். பிறகு யோவான் 21-ல் திபேரியாக் கடற்கரையில் இறங்கியதும் சீஷர்கள் பார்ப்பதும் கரிநெருப்பு. கிரேக்க மூலத்தில் இதற்கு 'அந்த்ராக்கியா' என்று ஒரு சொல் இருக்கிறது, புதிய ஏற்பாடு முழுக்கத் தேடினாலும் இந்த இரண்டு இடத்தில் மட்டும்தான் வரும். தற்செயலாக இருக்கலாம், நான் அப்படி நினைக்கவில்லை. கரி எரிகிற வாசனை எப்படிப்பட்டது என்று தெரியும் அல்லவா, துணியில் ஏறிவிட்டால் போகாது. உடம்பெல்லாம் நனைந்து கரையேறி வருகிறவனின் மூக்கில் முதலில் அந்த ராத்திரியின் வாசனைதான் ஏறியிருக்கும்.

அங்கே முதலில் கேள்வி கிடையாது, சாப்பாடு. 'வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்.' எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேச்சு. பேதுருவின் பழைய பெயரைச் சொல்லி, 'யோனாவின் குமாரனாகிய சீமோனே, இவர்களிலும் அதிகமாய் நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா?' இந்தப் பகுதியில் அன்புக்கு இரண்டு கிரேக்கச் சொற்கள் வருகின்றன என்று நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன், தமிழ் வேதாகமத்திலும் 'அன்பாயிருக்கிறாயா' என்று கேட்க 'நேசிக்கிறேன்' என்று பதில் வருகிறது. அதில் பெரிய மர்மம் இருப்பதாக எனக்குப் படவில்லை. எனக்கு 'இவர்களிலும் அதிகமாய்' என்கிற இரண்டு சொல்தான் ஊசி மாதிரி இருக்கிறது. 'எல்லாரும் இடறலடைந்தாலும் நான் ஒருக்காலும் இடறலடையேன்' என்று சொன்னவன் அவன், மற்றவர்களோடு தன்னை ஒப்பிட்டுத் தூக்கிப் பேசியவன். இப்போது பதில் சொல்கிறபோது அந்த ஒப்பீட்டை அவன் தொடவே இல்லை. 'உம்மை நேசிக்கிறேன் என்பதை நீர் அறிவீர்', அவ்வளவு. மூன்றாவது தடவை கேட்டதும் துக்கப்படுகிறான். வலிக்கிற இடத்தில்தான் கை வைக்கிறார், ஆனால் 'ஏன் அப்படிச் செய்தாய்' என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வேலையைக் கொடுக்கிறார்: ஆட்டுக்குட்டிகளை மேய், ஆடுகளை மேய்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கடற்கரைக் காட்சிக்கு முன்பே, உயிர்த்தெழுந்த அன்றே, ஆண்டவர் பேதுருவைத் தனியாகச் சந்தித்திருக்கிறார். 'சீமோனுக்குத் தரிசனமானார்' என்று லூக்கா 24-ல் போகிறபோக்கில் ஒரு வரி, 1 கொரிந்தியர் 15-ல் இன்னொரு வரி. என்ன பேசினார்கள் என்று நாலு சுவிசேஷத்திலும் ஒரு வார்த்தைகூட இல்லை. மன்னிப்பு அங்கே நடந்து முடிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், அதை யாரும் எட்டிப்பார்க்க விடவில்லை. கரையில் மற்ற சீஷர்களுக்கு முன்னால் நடந்தது வேறு, அது அவனை மறுபடியும் அவனுடைய இடத்தில் நிறுத்துவது.

மன்னிப்பு வேறு, நிலைநிறுத்துவது வேறு. இது புரியாமல் நான் ஒரு நாள் மூப்பர் ஐயாவிடம் போய் நின்றேன். பணம் முழுவதும் கட்டி முடித்த மறுவாரம். "ஐயா, கணக்கை மறுபடியும் நானே பார்க்கட்டுமா? எல்லாரும் என்னை மன்னிச்சுட்டீங்கன்னு எனக்கு ஒரு நிச்சயமா இருக்கும்." அவர் உடனே சொன்னார்: "மன்னிச்சாச்சு தம்பி, அதுல சந்தேகமே வேண்டாம். நோட்டை மட்டும் தர மாட்டேன்."

எனக்கு ரொம்பக் கோபம். வீட்டுக்கு வந்து, மன்னித்தபின் தேவன் நம் பாவங்களை நினைப்பதில்லை என்கிற வசனத்தையெல்லாம் எடுத்து அடுக்கிவைத்து மனசுக்குள்ளேயே அவரோடு வாதாடினேன். மன்னித்தது உண்மையானால் நம்ப வேண்டியதுதானே?

அந்தக் கோபத்தில்தான் சபை வரலாற்றைக் கொஞ்சம் படித்தேன், எனக்குச் சாதகமாக ஏதாவது கிடைக்கும் என்று. கி.பி. 250-ல் ரோமப் பேரரசன் தேசியு எல்லோரும் தேவர்களுக்குப் பலி செலுத்திச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கட்டளை போட்டபோது ஏராளமான கிறிஸ்தவர்கள் பயந்துபோய்ப் பலி செலுத்தினார்கள், சிலர் பலி செலுத்தாமலே லஞ்சம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். அந்தச் சான்றிதழ்களில் சில எகிப்தில் பாப்பிரஸ் தாள்களாக இன்னும் கிடைக்கின்றன. உபத்திரவம் ஓய்ந்ததும் இவர்களெல்லாம் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். என்ன செய்வது? ரோமில் நொவாத்தியன் என்பவர், இவர்களைச் சபை திரும்பச் சேர்க்கவே கூடாது, தேவன் வேண்டுமானால் மன்னிக்கட்டும் என்றார். வேறு சிலர் ஒன்றும் கேட்காமல் அடுத்த வாரமே திருவிருந்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கார்த்தேஜின் பேராயர் சிப்பிரியான் இரண்டையும் மறுத்தார்: கதவை அடைக்கவும் கூடாது, திறந்துபோட்டுவிட்டுப் போகவும் கூடாது. இத்தனைக்கும் அவரே அந்த உபத்திரவத்தில் ஒளிந்திருந்தவர், அதற்காக ஏச்சும் வாங்கியவர். 258-ல் அடுத்த உபத்திரவத்தில் அவர் ஒளியவில்லை, தலை வெட்டப்பட்டு இறந்தார்.

325-ல் பேராயர்கள் கூடிய நிசேயா சங்கம் இன்னும் விவரமாகவே எழுதிவைத்தது. எந்த நெருக்குதலும் இல்லாமல் மறுதலித்தவர்கள் மூன்று வருஷம் வசனம் கேட்பவர்களோடு, ஏழு வருஷம் முழங்காற்படியிடுபவர்களோடு, இரண்டு வருஷம் திருவிருந்து இல்லாமல் ஜெபத்தில் மட்டும். மொத்தம் பன்னிரண்டு வருஷம். படித்ததும் எனக்கு மூச்சு முட்டியது. அதே சங்கம் இரண்டு விதி தள்ளி, சாகக் கிடக்கிறவனுக்குக் கடைசித் திருவிருந்தை மறுக்கவே கூடாது என்றும் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் பன்னிரண்டு வருஷம் வேறு மாதிரி தெரிந்தது: இவர்கள் சங்கத்தில் உட்கார்ந்து பேசியது அவனை எப்படி வெளியே வைப்பது என்று அல்ல, எந்த வழியாக உள்ளே கொண்டுவருவது என்று. பன்னிரண்டு வருஷம் எனக்கு இப்போதும் அதிகமாகத்தான் படுகிறது. ஆனால் அதற்கு ஒரு முடிவு இருந்தது.

கலாத்தியர் 6:1-ல் பவுல், குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடே 'சீர்பொருந்தப்பண்ணுங்கள்' என்கிறார். அதற்கு அவர் போடும் கிரேக்க வினைச்சொல்லும், யாக்கோபும் யோவானும் படவில் உட்கார்ந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று மத்தேயு சொல்கிற சொல்லும் ஒன்றுதான். வலை கிழிந்தால் யாரும் வலையைத் திட்டுவதில்லை, அதே சமயம் கிழிந்ததை அப்படியே கடலில் வீசுவதும் இல்லை. மடியில் போட்டு, கிழிந்த இடத்தைக் கண்டுபிடித்து, கண்ணி கண்ணியாக முடிச்சுப் போட வேண்டும். எங்கே கிழிந்தது என்று பார்க்காமல் முடிச்சுப் போட முடியாது. நான் கிழிந்த இடம் அந்த நோட்டு. அதையே மறுநாள் என் கையில் கொடுப்பது அன்பு என்று நான் எப்படி நினைத்தேனோ!

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். 'உன்னை நீயே மன்னித்துக்கொள்' என்று எனக்கு நிறையப் பேர் சொன்னார்கள், நல்ல மனசோடுதான். நான் அதைச் செய்ய முயன்று தோற்றுப்போனேன். வேதத்தில் அப்படி ஒரு கட்டளை எங்கேயும் இல்லை. கடன்பட்டவன் தன் கடனைத் தானே தள்ளுபடி செய்துகொள்ள முடியாது, நான் நோட்டில் பென்சிலால் செய்துகொண்டிருந்ததே அதுதானே. எனக்குத் தேவைப்பட்டது ஆண்டவர் சொன்னதையும் கடைசியில் அந்த அக்கா சொன்னதையும் அப்படியே ஏற்றுக்கொள்வது. அது முடிந்த நாட்களில் தூக்கம் வந்தது, முடியாத நாட்களில் வரவில்லை. இப்போதும் அப்படித்தான்.

அப்புறம், நிலைநிறுத்தப்பட்டவன் மறுபடி விழ மாட்டான் என்று யாரும் சொல்லவில்லை. அதே பேதுரு அந்தியோகியாவில், எருசலேமிலிருந்து வந்தவர்களுக்குப் பயந்து, புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டு விலகிப்போகிறான், பவுல் முகத்துக்கு நேராக எதிர்த்துப் பேச வேண்டியிருந்தது. முற்றத்தில் ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குப் பயந்த அதே பயம். ஆனால் அதற்காக யாரும் அவனை மேய்ப்பன் வேலையிலிருந்து நீக்கவில்லை. நானும் இன்றைக்குவரை பணம் கையில் இருக்கும்போது கவனமாகத்தான் இருக்கிறேன், நான் மாறிவிட்டேன் என்று யாரிடமும் பந்தயம் கட்ட மாட்டேன்.

மூன்று வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஐயா கூப்பிட்டார். "காணிக்கை எண்ணணும், கூட உக்காரு." அவ்வளவுதான் அழைப்பு. நான் எண்ணுவேன், அவர் மறுபடி எண்ணுவார், அவர்தான் நோட்டில் எழுதுவார், இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். முதல் நாள் பை அவிழ்ந்ததும் சில்லறையின் அந்த உலோக வாசனை வந்தது, எனக்குக் கை நடுங்கியது, இரண்டு தடவை எண்ணிக்கை தப்பிப்போனது. "மெதுவா" என்று மட்டும் சொன்னார்.

அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது. ஒரு வாரம் எண்ணி முடித்ததும் அவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன், கண்ணு தெரியல. இந்தா, நீயே எழுது, நான் கையெழுத்துப் போடறேன்" என்று நோட்டை என் பக்கம் தள்ளி, பேனாவையும் கொடுத்தார். கையிருப்பு வரியை நான்தான் எழுதினேன், நீல மையில். உண்மையிலேயே கண்ணாடியை மறந்துவிட்டுத்தான் வந்தாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. அவருடைய சட்டைப்பை கொஞ்சம் உப்பலாகத்தான் இருந்தது.